பூமாரி டாக்கீஸில் ஓர் இருட்டுச் சோதனை

ஆகஸ்ட் 4, வெள்ளி

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியின் பிளஸ் ஒன் உயிரியல் பிரிவிலிருந்து நான் போகிறேன். வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை. ஆனாலும் சங்கரவடிவு டீச்சர் “இசக்கிராணி” என்று வாசித்தபோது வகுப்பே கைதட்டியது.

தலைப்பை நானே தேர்ந்தெடுத்தேன்: விழித்திரையின் குச்சி செல்களில் ஒரு நொதி எப்படி வேலை செய்கிறது. நொதியின் பெயர் பாஸ்போடைஎஸ்டரேஸ். தடுமாறாமல் சொல்லப் பழக ஒரு சாயங்காலம் முழுவதும் ஆயிற்று. மாவட்டத்தில் தேர்வானால் மாநிலக் கண்காட்சிக்காகச் சென்னை போகலாம். புளியங்குடியிலிருந்து வடக்கே ராஜபாளையம் வரைதான் நான் போயிருக்கிறேன்.

டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார். “நொதியக் கண்ணால பாக்க முடியாதே. வர்றவங்களுக்கு எதக் காட்டுவ?”

இருட்டைக் காட்டுவேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

டீச்சர் கல்லூரியில் படித்த உடலியல் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். அதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது.

குச்சி செல்கள் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை. அவற்றின் சுவரில் சின்னச் சின்ன வாசல்கள் இருக்கின்றன. இருட்டில் அவை திறந்திருக்கும், உப்புகள் உள்ளே வந்துகொண்டிருக்கும். அவற்றைத் திறந்து வைத்திருப்பது ஒரு சின்ன மூலக்கூறு. ஒளி பட்டதும் இந்த நொதி விழித்துக்கொண்டு அந்த மூலக்கூறுகளை வெட்டித் தள்ளும். வாசல்கள் மூடும். வாசல் மூடிய செய்தி மூளைக்குப் போகும். அதைத்தான் நாம் வெளிச்சம் என்கிறோம்.

அப்பா பூமாரி டாக்கீஸில் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவர். டார்ச் அடித்து இருக்கை காட்டுபவரும் அவரே. அவருக்குப் புரியும்படி, மூலக்கூறுதான் டிக்கெட், நொதிதான் நீங்கள் என்று சொன்னேன்.

“நான் கிழிச்சா உள்ள விடுவேன்லா. உன் ஆளு கிழிச்சிட்டு வாசல அடைக்கான?”

அவர் சொன்னது சரி. உதாரணத்தை நீக்கிவிட்டேன்.

நொதி வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அப்பா கேட்டார். வாசலை மூட ஆள் இல்லாமல் உப்புகள் அளவில்லாமல் உள்ளே புகுந்து செல்லே செத்துவிடும் என்றேன். பெரிய ஹீரோ படத்துக்கு முதல் நாள் மாதிரி என்றார். அதைச் சேர்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

சோதனை முறை: வெயிலிலிருந்து மேட்னி ஷோவுக்கு வருபவர்கள் உள்ளே நுழைந்ததும் கண் தெரியாமல் நிற்பார்கள். கண் பழக, குச்சி செல்களில் ஒளியை வாங்கி வெயிலில் வெளுத்துப்போன நிறமி மறுபடி சேர வேண்டும், நொதி அடங்க வேண்டும். நிறமி சேர வைட்டமின் ஏ தேவை. ஆகவே கீரை அதிகம் சாப்பிடுபவர்களுக்கு இருட்டு சீக்கிரம் பழக வேண்டும். இதுதான் என் கருதுகோள்.

ஞாயிறு காலை, ஷோ தொடங்கும் முன், தியேட்டரைப் பயன்படுத்த மேனேஜர் சம்மதித்துவிட்டார். கதவுகளைச் சாத்திவிட்டால் ஓட்டுக்கூரை இடுக்குகளில் கசியும் வெளிச்சம் மட்டும்தான். திரைக்கு அடியில் கறுப்பு அட்டையில் வெள்ளைத்தாள் வடிவங்களை என் தோழி ஜெபக்கனி ஒட்டி வைப்பாள். வட்டம், முக்கோணம், நட்சத்திரம். என்ன வரிசை என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஒவ்வொரு நிமிடமும் இடைவேளை மணியை அடிப்பாள். எத்தனையாவது மணியில் வடிவம் தெரிகிறது என்று உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டும்.

எந்தச் சோதனையிலும் மற்றவர்களை ஒப்பிட ஒரு நிலையான ஆள் வேண்டும். அந்த ஆள் நான். காரணம், இந்த ஊரில் என்னைவிட அதிகம் முருங்கைக்கீரை சாப்பிட்டவர் இருக்க முடியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் அம்மா எனக்குக் கீரை வைக்கிறாள். அப்பாவுக்கு வைப்பதில்லை. ஞாபகசக்திக்காக இருக்கும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

முதல் சோதனை. வகுப்பிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஆபரேட்டர் அண்ணாச்சியும் உட்கார்ந்தார்.

முடிவு திருப்தியாக இல்லை. எல்லோரும் சில மணிகளிலேயே வடிவங்களைச் சொல்லிவிட்டார்கள், அதுவும் சரியாக. ஒரு வாரமாக வீட்டில் கீரையே வாங்கவில்லை என்று ஒப்புக்கொண்ட பெண்தான் எல்லோருக்கும் முன்னால் சொன்னாள். நிலையான ஆளாகிய எனக்குக் கடைசி மணி வரை எதுவும் தெரியவில்லை.

இதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. ஒன்று, ஜெபக்கனி முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கேட்டேன்.

“ஏட்டி, அவளுவளுக்குச் சொல்லிக் குடுத்து எனக்கு என்ன கெடைக்கப் போவுது? கேன்டீன்ல ஒரு முறுக்குகூட நீ வாங்கித் தரல.”

நம்புகிறேன். ஆகவே இரண்டாவது விளக்கம்: என் இருக்கைக்கு எட்டாத வெளிச்சம் அவர்கள் இருக்கைகளுக்கு எங்கிருந்தோ வருகிறது.

ஆகஸ்ட் 23, புதன்

டியூஷன் முடிந்து வரும்போது எலுமிச்சை மார்க்கெட் பக்கம் தெருவிளக்கு எரியவில்லை. ஜெபக்கனி வேகமாக நடப்பவள். அவள் என்னை விட்டுப் போய்விடாதபடி அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டுதான் எப்போதும் நடப்பேன். இன்று கழுத்து இறுகுகிறது என்றாள். அவள்தான் மெதுவாக நடக்க வேண்டும்.

பள்ளியில் கொடுத்த சைக்கிளை ஆறு மணிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அம்மா பயந்த சுபாவம்.

முழங்காலுக்குக் கீழே புதிதாக ஒரு காயம். தியேட்டர் கேன்டீன் வாசலில் கலர் பாட்டில் பெட்டியை யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். அம்மா மேனேஜரிடம் சண்டை போட்டாள். பெட்டி எப்போதும் இருக்கும் இடத்தில்தான் இருந்தது என்றார் மேனேஜர். அப்படியானால் நான் இடம் மாறியிருக்க வேண்டும். அது சாத்தியமில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

எல்லோரையும் இருக்கை மாற்றி உட்கார வைத்தேன். என் இருக்கையில் உட்கார்ந்தவளும் வடிவங்களைச் சரியாகச் சொன்னாள். ஆகவே தியேட்டர் முழுவதிலும் வெளிச்சம் கசிகிறது. அடுத்த வாரம் கூரையை அடைக்க வேண்டும்.

செப்டம்பர் 3, ஞாயிறு

அப்பா ஏணி போட்டு ஏறி, இடுக்குகளில் சிமெண்ட் சாக்குகளைத் திணித்தார். நான் கீழே நின்று எங்கெங்கே வெளிச்சம் தெரிகிறது என்று சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. எதுவும் தெரியவில்லை என்று நான் சொன்ன பிறகும் அப்பா இன்னும் ஐந்தாறு இடங்களை அடைத்தார். “இங்கன ஒண்ணு இருக்கும்மா, அங்கன ஒண்ணு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். இறங்கி வந்தவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று முகம் கழுவப் போனார்.

இத்தனை செய்தும் எல்லோரும் வடிவங்களைச் சொல்லிவிட்டார்கள். ஆனால் தாமதமாக. முன்னேற்றம்.

செப்டம்பர் 10, ஞாயிறு

கதவிடுக்குகளில் ஈரத்துணி, திரைக்குப் பின்னால் தார்ப்பாய், ஆபரேட்டர் அறை ஜன்னலில் அட்டை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆபரேட்டர் அண்ணாச்சி தூங்கிவிட்டார்.

அனைவரது முடிவும் நிலையான ஆளின் முடிவோடு பொருந்திவிட்டது. சோதனை வெற்றி.

செப்டம்பர் 12, செவ்வாய்

டீச்சரிடம் முடிவுகளைக் காட்டினேன். நான்கு வாரத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“இது சோதனை இல்லம்மா. எல்லார் கண்ணையும் கட்டிட்டு, இப்ப எல்லாரும் எனக்குச் சமம்னு எழுதிட்டு வந்திருக்க.”

நிலையான ஆளாக உன்னையே ஏன் வைத்தாய் என்று கேட்டார். கீரை விவரத்தைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தானே வருவதாகச் சொன்னார். ஒரே ஒரு இடுக்கைத் திறந்து வைக்கச் சொன்னார்.

செப்டம்பர் 17, ஞாயிறு

டீச்சர் வந்தார். அப்பா ஒரு சாக்கை எடுத்தார். டீச்சருக்கு வயது ஐம்பதுக்கு மேல், கண்ணாடி போட்டவர். மணி அடிக்க அடிக்கக் காத்திருந்தோம். பிறகு அவர் சொன்னார்: நட்சத்திரம், வட்டம், வட்டம், முக்கோணம். சரி என்றாள் ஜெபக்கனி.

“இப்ப நீ சொல்லு.”

இன்னும் பழகவில்லை என்றேன். காத்திருந்தார். மறுபடி கேட்டார். இன்னும் பழகவில்லை என்றேன். அவர் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். எதன் மேலோ என் விரல்களை வைத்தார். தாளின் ஓரம். விரலால் தடவினேன். நட்சத்திரம்.

“முகத்துக்கு நேரா இருக்கும்மா” என்றார்.

மேட்னிக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும் சாமான்களை எடுத்து வைத்தோம்.

செப்டம்பர் 18, திங்கள்

எழுத எதுவும் இல்லை.

செப்டம்பர் 20, புதன்

காலாண்டுத் தேர்வு. தமிழ். நன்றாக எழுதினேன்.

செப்டம்பர் 25, திங்கள்

உயிரியல் தேர்வு. நிலையான ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை பற்றிக் கேள்வி வரவில்லை. வந்திருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

செப்டம்பர் 30, சனி

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. அப்பா, அம்மா, நான். தியேட்டரில் அப்பாவின் இடத்தில் மேனேஜரே டிக்கெட் கிழிக்கிறார்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டு இருட்டு அறையில் நெடுநேரம் உட்கார வைத்தார்கள். எதற்கு என்று அம்மாவுக்கு நர்ஸ் விளக்கத் தொடங்கினார். நானே விளக்கிவிட்டேன். பிறகு கண்ணின் மேல் மெல்லிய கம்பி வைத்து, வெளிச்சத்தைப் பளிச்சிடவிட்டு, செல்கள் எழுப்பும் மின்சாரத்தைக் கோடாக வரைந்தார்கள். அழகான முறை. என் இடைவேளை மணியைவிடத் துல்லியமானது. பகல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் கூம்பு செல்களின் கோடு மேடும் பள்ளமுமாக நன்றாக இருந்தது. குச்சி செல்களின் கோடு அடிமட்டம் வைத்து வரைந்தது போல் நேராக இருந்தது.

டாக்டர் இளவயது. சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார்.

“இவுக எங்க அம்மாகூடப் பொறந்த தம்பிதான், டாக்டர். மாமா” என்றாள் அம்மா. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அப்பாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். எங்கள் பக்கம் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டே போனதைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது. “ஏன் கேக்கீங்க?”

சில குறைகள் சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வர வாய்ப்பு அதிகம் என்றார். குச்சி செல்லில் ஏதோ ஒரு புரதம் சரியாக வேலை செய்யவில்லை. எது என்று ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

பாஸ்போடைஎஸ்டரேஸா என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“இருக்கலாம். அதுவும் ஒரு காரணம். உனக்கு எப்படித் தெரியும்?”

ப்ராஜெக்ட் என்றேன்.

பகலில் படிக்க எந்தத் தடையும் இல்லை. இப்போது மருந்து கிடையாது. ஓரப் பார்வை மெதுவாகக் குறையலாம். எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது, வருடம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். வேகம் தெரியாத எதையும் வரைபடமாக வரைய முடியாது. ஆகவே இதைப் பற்றி மேலும் எழுதவில்லை.

அக்டோபர் 2, திங்கள்

இன்று இரண்டு பேர் தனித்தனியே என்னிடம் பேசினார்கள்.

காலையில் அப்பா. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மா கேன்டீனில் வேலைக்கு நின்றதால், திரைக்குப் பக்கத்தில் தொட்டில் கட்டிப் போட்டிருந்தாராம். நாளெல்லாம் இருட்டில் கிடந்துதான் என் கண் இப்படி ஆகிவிட்டது என்று நினைக்கிறார். நாலு வயதில் கரண்ட் போனால் நான் இருந்த இடத்திலேயே நிற்பேனாம். அப்போதே அவருக்குத் தெரியுமாம். அம்மாவிடம் சொல்லவில்லை.

மத்தியானம் அம்மா. நான் வயிற்றில் இருந்தபோது கிரகணத்தன்று தெரியாமல் வெளியே போய்விட்டாளாம். ஒன்றாம் வகுப்பு படிக்கையில் வாசற்படியில் நான் கால் வைத்துத் தேடுவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டதாம். அன்றிலிருந்துதான் கீரை. அப்பாவிடம் சொல்லவில்லை.

இரண்டு பேரிடமும் காரணம் அது இல்லை, நொதி என்றேன். இரண்டு பேரும் நம்பவில்லை. நொதி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லத்தான் வேண்டும். கேட்கவில்லை என்பதால் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றை நான் விளக்காமல் விட்டது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 4, புதன்

மத்தியானச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு.

அக்டோபர் 8, ஞாயிறு

சோதனையைப் புதிதாகச் செய்கிறோம். ஒரு இடுக்கு மட்டும் திறந்திருக்கும். நிலையான ஆள் இனி ஜெபக்கனி. வடிவங்களை டீச்சர் ஒட்டுகிறார். ஜெபக்கனிக்குப் பதவி உயர்வில் மகிழ்ச்சி. “நான் நார்மல்னு எங்க அம்மைட்ட வந்து நீயே சொல்லு, நான் சொன்னா நம்ப மாட்டா” என்றாள்.

நான் முதல் ஆளாகவே இருக்கிறேன். ஒவ்வொரு மணியிலும் இன்னும் தெரியாத வடிவங்கள் எத்தனை என்று வரைந்த வரைபடத்தில் மற்றவர்களின் கோடுகள் எல்லாம் கீழே இறங்கி வருகின்றன. என் கோடு மேலேயே நிற்கிறது.

சாயங்காலம் வீட்டில் பேச்சு. முதல் ஆள் யார் என்று கண்காட்சியில் கேட்பார்களா என்றார் அப்பா. கேட்டால் சொல்வேன் என்றேன். அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் என்ன என்றார். கண்காட்சிக்கு நம் ஊரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். நாளைக்குப் பெண் கேட்டு யார் வருவார்கள் என்றாள் அம்மா. இருவரும் ஒரே பக்கம் பேசியது எனக்கு ஆச்சரியம்.

என் கோடு இல்லாவிட்டால் அது இருட்டில் உட்கார்ந்த ஆறு பேரின் கதைதான். நொதி என்ன செய்கிறது என்பதற்கு அதில் ஆதாரமே இருக்காது என்று சொன்னேன்.

“நொதி கெடக்கட்டும். நான் ஒன்னப் பத்திச் சொல்லுதேன்” என்றாள் அம்மா.

நானும் என்னைப் பற்றித்தான் சொன்னேன். அவளுக்கு அது கேட்கவில்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

வீட்டில் பேச்சு இல்லை. சார்ட் எழுதுகிறேன். என் கோட்டைப் பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 28, சனி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பாஸ்போடைஎஸ்டரேஸ்தான். தலைப்பைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

கோட்டை மையால் எழுதினேன். சிவப்பு மை.

நவம்பர் 3, வெள்ளி

தென்காசியில் கண்காட்சி. அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அப்பா தியேட்டருக்குப் போடும் முழுக்கை சட்டையில் வந்தார். அம்மா எங்கள் மேசைக்குப் பின்னால், சார்ட்டை மறைத்தும் மறைக்காமலும் நின்றாள்.

எங்களுக்கு இடப்பக்கம் ஊசி மருந்துக் குழல்களால் செய்த ஜேசிபி, வலப்பக்கம் எரிமலை. எரிமலை வெடிக்கும்போதெல்லாம் எங்கள் பார்வையாளர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

நடுவர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். நொதி பற்றி நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பெயரைத் தடுமாறாமல் சொன்னதற்குப் பாராட்டினார். பிறகு பேனாவால் சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

“இந்த ஒரு ஆள் மட்டும் ஒத்து வரலையே. அளவு எடுத்ததுல ஏதோ தப்பு. நீக்கியிருந்தா வரைபடம் சுத்தமா இருந்திருக்கும்.”

அளவில் தப்பு இல்லை சார் என்றேன். அந்த ஆளுக்கு நொதி வேலை செய்யவில்லை என்றேன்.

“அது எப்படி உனக்குத் தெரியும்?”

பின்னால் அம்மா அசைவது தெரிந்தது. புளியங்குடியிலிருந்து வந்த பெண்கள் மூன்று பேர் எரிமலைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த ஆள் நான்தான் சார். மொதல்ல என்னத்தான் நார்மல்னு நெனச்சேன். மத்தவங்க எல்லாம் தப்பா சொல்லுதாங்கன்னு தியேட்டர் கூரையவே அடைச்சோம்.”

சார் சிவப்புக் கோட்டை மறுபடி பார்த்தார். கூரையை அடைத்தது யார் என்று கேட்டார்.

“நாந்தான் சார் அடைச்சேன்” என்றார் அப்பா. எங்கிருந்து முன்னால் வந்தார் என்று தெரியவில்லை. “இவளோட அப்பா. அடைக்கும்போதே தெரிஞ்சு போச்சு சார். வெளிச்சம் வருதுன்னு நான் சொல்லுதேன், இல்லைங்கா இவ.”

அதன் பிறகு அம்மா சார்ட்டை விட்டு விலகி நின்றாள். எரிமலைக்குக் காத்திருந்த பெண்கள் எங்கள் பக்கம் வந்து கேட்டார்கள். அவர்களுக்கு அம்மாவே விளக்கினாள். வாசல் என்றாள், உப்பு என்றாள். முதல் நாள் ஹீரோ படம் மாதிரி என்றாள். நொதியின் பெயரை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாள்.

முதல் பரிசு ஜேசிபிக்கு. அதுதான் சென்னை போகிறது. எங்களுக்கு ஆறுதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை. ஜேசிபியில் புதிதாகக் கண்டுபிடித்தது எதுவும் இல்லை.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பஸ்ஸில் அப்பா முன் இருக்கையில் தூங்கினார். ஜன்னல் பக்கம் அம்மா, அடுத்து நான். கடையநல்லூர் தாண்டியதும் அம்மா கேட்டாள்.

“அந்தக் கோளாறு எங்கிட்ட இருந்து வந்துதா, மாமாட்ட இருந்து வந்துதா?”

இதற்கான பதிலை ஒரு மாதமாகத் தயாராக வைத்திருந்தேன். சொல்வதற்குச் சரியான சொற்கள் தயாராக இல்லை.

“ரெண்டு பேருட்ட இருந்தும்மா. ஆளுக்கு ஒண்ணு. ஒருத்தர்ட்ட இருந்து மட்டும் வந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

“சரிபாதியா?”

“சரிபாதி.”

 அவள் குனிந்து அப்பாவின் தோளைத் தட்டினாள். “மாமா. சரிபாதியாம்.”

அப்பா விழித்து, என்னது என்றார். ஒன்றுமில்லை, தூங்குங்கள் என்றாள். அவர் தூங்கவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, “கெரகணமும் இல்ல, தொட்டிலும் இல்ல, அப்படித்தான?” என்றார். இருவரும் எப்போது பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

வெளியே எனக்கு எதுவும் தெரியவில்லை. ஜன்னல் ஒரு கறுப்பு அட்டை. தெரியுதா என்று அம்மா கேட்கவில்லை. தானாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். வாழைத்தோப்பு. செங்கல் சூளை. கோயில் மதில், சுண்ணாம்பு அடிக்காமல் கிடக்கிறது. ஒருவன் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறான்.

எத்தனை ஆடு என்று கேட்டேன்.

எட்டிப் பார்த்துவிட்டு, பதினொன்று என்றாள்.

பதினொன்று என்றே எழுதிக்கொள்கிறேன்.